சிறு பட்டணமா, பெருநகரமா? - வடதுருவத்தின் விளிம்பில் ஒரு தமிழ்க் குடியேற்றம்

கடந்த சித்திரை மாதத்தில் ஓரிரவு ஒஸ்லோவிலிருந்து என் அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பொறியியல் படித்தவன். நோர்வேயின் வடகோடியில் உள்ள ஹம்மர்ஃபெஸ்ட் என்ற சிறு பட்டணத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. "மாமா, நான் போறதெண்டு முடிவெடுத்திட்டன். அம்மா அழுகிறா. நீங்கள் ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோ" என்றான்.

மறுநாள் அக்காவுடன் பேசினேன். "தம்பி, அந்த இருட்டுக்குள்ளை நான் நாலு மாரி இருந்தனான். அதிலையிருந்து வெளிக்கிட்டு வந்தது என்ரை பிள்ளையைத் திரும்ப அங்கை அனுப்பவோ?" என்று கேட்டார்.

புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றிப் பத்திரிகையில் எவ்வளவோ எழுதியவன் நான். எனினும் அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்நிய நாட்டில் வாழ நேர்ந்தவன் பெருநகரத்தில் வாழ்வதா, சிறு பட்டணத்தில் வாழ்வதா என்ற கேள்வி எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. அதற்குப் பின்னால் நாற்பது ஆண்டு கால வரலாறு ஒன்று இருக்கின்றது. ரொறன்ரோவையும் இலண்டனையும் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவ்வரலாறு எழுதப்படவில்லை என்பதனாலேயே இதனை இங்கே பதிவு செய்ய விரும்புகின்றேன்.

நோர்வேக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான தொடர்பு அகதிகளோடு தொடங்கியதன்று; மீனோடு தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரம் 1956ஆம் ஆண்டு நோர்வே சென்றடைந்தார். அந்நாட்டின் மீன்பிடித் தொழிலைக் கண்டறிந்த அவர், தமது நோர்வேஜிய நண்பர்களின் துணையுடன் 1967இல் சீநோர் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். காரைநகரின் படகு கட்டும் தளமும் குருநகரின் வலைத் தொழிற்சாலையும் அதன் வழி வந்தவையே. எங்கள் கரையோர மக்களிடையே நோர்வே என்ற பெயர் அறிமுகமானது இவ்வாறுதான்.

1975இல் நோர்வே தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. ஆனால் மாணவருக்கான கதவு திறந்தே இருந்தது. டென்மார்க்கின் குறுந்த்விக் பாதிரியாரின் சிந்தனையில் உருவான மக்கள் உயர்பாடசாலைகள் அங்கு 1864 முதல் இயங்கி வருகின்றன. பரீட்சை இல்லை, தங்கிப் படிக்க வேண்டும், அவற்றுட் பல நாட்டுப்புறங்களில் அமைந்தவை. 1980களின் முற்பகுதியில் எமது இளைஞர் பலர் இப்பாடசாலைகளில் அனுமதி பெற்றுச் சென்றனர். 1983 ஜூலைக்குப் பின்னர் அவர்களுக்குத் திரும்பி வருவதற்கு நாடு இருக்கவில்லை. என் அத்தானும் அவ்வாறு போனவர்களுள் ஒருவர்.

அவர்களில் ஒரு பகுதியினர் ஏன் ஃபின்மார்க் மாகாணத்துக்குச் சென்றனர்? காரணம் எளியது. அங்கே கரையோர ஊர்கள்தோறும் மீன் பதனிடும் தொழிற்சாலைகள் இருந்தன. உள்ளூர் இளைஞர்கள் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தமையால் அவற்றுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். மொழி தெரியாதவனும் கத்தியைப் பிடித்து மீனைத் துண்டு போடலாம். ஊரிலிருந்து மனைவியை அழைப்பதற்கு வருமானமும் வீடும் காட்டியாக வேண்டும். பல இடங்களில் தொழிற்சாலையே இரண்டையும் கொடுத்தது. ஒஸ்லோவில் ஓர் அறைக்கு அலைந்துகொண்டிருந்தவனுக்கு இது பெரிய காரியம். இதனை நோர்வேஜிய மானிடவியலாளர் ஓய்விண்ட் புக்ளறூட் நேரிற் சென்று ஆராய்ந்து, 1999இல் நூலாக வெளியிட்டார்.

யாழ்ப்பாணம் ஏறக்குறைய 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கின்றது, ஹம்மர்ஃபெஸ்ட் 70.6 பாகையைத் தாண்டி இருக்கின்றது. அங்கே கார்த்திகைப் பிற்பகுதியில் மறையும் சூரியன் தைப்பொங்கல் கழிந்து ஒரு வாரத்தின் பின்னரே முகங்காட்டும். கோடையில் இரண்டு மாதங்களுக்கு மேல் அது மறைவதேயில்லை. 1987இல் திருமணமாகி அத்தானிடம் சென்ற அக்கா, ஃபின்மார்க்கின் சிறிய மீன்பிடி ஊரொன்றிலிருந்து எனக்குக் கடிதங்கள் எழுதினார். பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவதற்குக் காலை எது, மாலை எது என்று மணிக்கூட்டைப் பார்த்தே அறிய வேண்டியிருக்கின்றது என்று ஒன்றில் எழுதியிருந்தார். உப்பில்லாமல் மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் காயவைக்கும் மீனைக் கண்டதும் ஊர்க் கருவாட்டு வாடி நினைவுக்கு வந்தது என்று இன்னொன்றில் எழுதியிருந்தார். பக்கத்து வீட்டு முதிய நோர்வேஜியப் பெண்மணி கம்பளிக் கையுறை பின்னிக் கொண்டுவந்து தந்ததையும் அவர் எழுதத் தவறவில்லை.

அந்த மூதாட்டியின் பரிவுக்கு வரலாற்றுக் காரணமும் இருந்திருக்கலாம் என்று பின்னாளில் எண்ணினேன். 1944இன் இறுதியில் பின்வாங்கிய ஜேர்மனியப் படைகள் ஃபின்மார்க்கை எரித்துச் சாம்பலாக்கின. மக்கள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே வெளியேற்றப்பட்டனர். ஹம்மர்ஃபெஸ்டில் மயானத்துச் சிற்றாலயம் ஒன்று மட்டுமே எஞ்சியது. வீடு எரிவது என்றால் என்ன என்பதை அந்த மண்ணின் முதியவர்களுக்கு நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பரிவு மட்டும் ஒரு சமூகத்தைத் தாங்கிவிடாது. 1989இல் பாரன்ட்ஸ் கடலின் கொட் மீன்வளம் நெருக்கடிக்குள்ளானது. பிடிக்கும் அளவு கடுமையாகக் குறைக்கப்பட்டது. தொழிற்சாலைகளில் வேலை இல்லாமற் போனது. மக்கள் வெளியேறுவதைத் தடுக்க, 1990இல் நோர்வே அரசு ஃபின்மார்க்குக்கும் வட துறும்ஸ் பகுதிக்கும் வரிச்சலுகையும், அங்கு வேலை செய்வோரின் கல்விக் கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடும் கொண்டுவந்தது. கல்விக் கடன் இல்லாத எங்கள் தொழிலாளருக்கு இதனால் ஆன பயன் குறைவே. அவர்கள் ஒஸ்லோவை நோக்கிப் பெயர்ந்தனர். அக்கா குடும்பம் 1991இல் பெயர்ந்தது.

வேலை இழப்பு மட்டுமே காரணம் என்று கூறுவது முழு உண்மையாகாது. பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்க வேண்டும். சாமர்த்தியச் சடங்குக்கு நாலு பேர் கூட வேண்டும். செத்தவீட்டுக்கு ஆள் வேண்டும். இவையெல்லாம் ஒஸ்லோவில் கிடைத்தன. அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் போன்ற அமைப்புகள் அங்கே வேரூன்றின. அதற்கு விலையும் இருந்தது. வடக்கில் எல்லோராலும் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட அத்தான், ஒஸ்லோவில் இரவு வேளைகளில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் ஒருவரானார். அவரது நோர்வேஜிய மொழியும் மெல்லத் தேய்ந்தது. பேசுவதற்குத் தமிழர் தாராளமாக இருந்தார்கள்.

சிறு பட்டணம் என்றால் தமிழர் கரைந்துபோவர் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. ஜேர்மனியில் பெரிய இந்து ஆலயம் பெர்லினிலோ பிராங்க்ஃபேர்ட்டிலோ எழவில்லை. ஹம் என்ற நடுத்தர நகரில், வீடொன்றின் நிலவறையில் பாஸ்கரக் குருக்கள் தொடங்கிய காமாட்சி அம்பாள் வழிபாடு, 2002இல் 17 மீற்றர் உயரக் கோபுரத்துடன் கும்பாபிஷேகம் கண்டது. தேர்த்திருவிழாவுக்குப் பல்லாயிரவர் திரள்கின்றனர். அருகிலுள்ள கால்வாயே தீர்த்தக்குளமாகின்றது. டென்மார்க்கிலும் தலைநகரை விட்டுத் தொலைவில், ஹேர்னிங்கில் சித்திவிநாயகரும், ஏழாயிரம் பேரளவில் வாழும் பிராண்டேயில் அபிராமி அம்மனும் குடிகொண்டுள்ளனர். அகதிகளைச் சிறு பட்டணங்களில் பரவலாகக் குடியமர்த்தியதன் விளைவு அது.

இவற்றை ஒப்புநோக்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகின்றது. பட்டணத்தின் அளவு இரண்டாம் பட்சமே. ஒன்று, ஒரேயொரு தொழிலை நம்பிய ஊரா அது என்பது. மற்றது, ஒன்றுகூடப் போதிய தொகையினர் வாகன ஓட்டத் தூரத்தில் இருக்கின்றனரா என்பது. ஹம் நகரைச் சுற்றிலும் றூர் பிரதேசத்துத் தமிழர் இருந்தனர். ஃபின்மார்க்கில் அடுத்த ஊரே மலைக்கும் பனிக்கும் அப்பால் இருந்தது. மூன்றாவதே முதன்மையானது: போனவர் தாமாக விரும்பிப் போனாரா, வேறு வழியின்றிப் போனாரா?

அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். "நீங்கள் தெரிவுசெய்து போகேல்லை அக்கா. அவன் தெரிவுசெய்து போறான். பிடிக்காட்டித் திரும்பி வர அவனுக்கு ஒரு வீடு இருக்கு. உங்களுக்கு அப்ப அது இருக்கேல்லை." தொலைபேசியின் மறுமுனையில் நெடுநேரம் மௌனம். அவர் ஒப்புக்கொண்டாரென்று சொல்ல மாட்டேன்.

மருமகன் ஆவணியில் புறப்பட்டான். 2007 முதல் எரிவாயு உற்பத்தி நடைபெறும் ஹம்மர்ஃபெஸ்ட் இன்று மீனை மட்டும் நம்பிய ஊரன்று. தந்தைக்குப் பயன்படாத கல்விக் கடன் சலுகை மகனுக்குப் பயன்படுகின்றது. அவனுக்கு முன்னுதாரணமும் உண்டு: யாழ்ப்பாணத்தில் பிறந்து ஹம்மர்ஃபெஸ்டில் குழந்தைப் பருவத்தைக் கழித்த கம்ஷாஜினி குணரத்தினம், 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றம் சென்றார்.

மார்கழியில் அக்கா சரக்குத்தூளும் பொரிவிளாங்காயும் கட்டிக்கொண்டு மகனைப் பார்க்கப் போனார். பத்து நாள் தங்கித் திரும்பியதும் என்னை அழைத்தார்.

"நாங்கள் இருந்த ஊருக்கும் கூட்டிக்கொண்டு போனவன், தம்பி. ஃபக்டரி இல்லை. வீடு பூட்டிக் கிடக்கு. கையுறை பின்னித் தந்த மனுசியின்ரை கல்லறைக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைச்சிட்டு வந்தனான்."

பிறகு சற்றுப் பொறுத்து, "இருட்டு அதே இருட்டுத்தான். பெடியன் வடிவாய்ச் சாப்பிடுறான்" என்றார்.