வன்பொருள் கடிகாரம் (லினக்ஸ் தொடக்கத்தில்)

கணினி அணைந்திருக்கும்போதும் தாய்ப்பலகையின் சிறு பேட்டரியால் ஓடிக்கொண்டிருப்பதும், லினக்ஸ் துவங்குகையில் தன் காலத்தை நிர்ணயித்துக்கொள்ள முதலில் வாசிப்பதுமான கடிகாரம். அதில் சர்வதேச நேரத்தை வைத்து, ஐந்தரை மணியைக் கூட்டி இந்திய நேரம் காட்டுவது லினக்ஸின் சம்பிரதாயம். விண்டோஸோ அதையே உள்ளூர் நேரமாகக் கொள்ளும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கூடியிருந்தமையால், இவ்விவகாரம் சிற்றூர்களிலும் பிரவேசிக்க இடமுண்டாயிற்று. திருத்தணி மலையின் 365 படிகளையும் பக்தர்கள் பாடியேறிப் புத்தாண்டு தரிசனத்துக்கு நிற்கும் டிசம்பர் 31 நள்ளிரவில், லினக்ஸ் சர்வதேச நேரத்தை எழுதிவைத்த கணினியை இணையமின்றி விண்டோஸில் திறந்தால், மாலை 6.30 என்றே அது சாதிக்கும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு இணக்குவதைக் கையேடுகள் கண்டிப்பினும், கோடைக்கால நேரமாற்றமில்லாத நம் தேசத்தில் அதனால் பெரிய தோஷமில்லை.