பாரந்தூக்கியைப் பழகிய கைகள்



சென்னைக்குத் துறைமுகம் தோன்றுமுன், கப்பற் சரக்குகளைக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அறையாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த அப்படகுகளை, அலை பொங்கும் கரையிலே செலுத்தும் வித்தை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. அதற்குப் பள்ளியும் இல்லை, சான்றிதழும் இல்லை. குடும்பமே பள்ளியாக இருந்தது.

1876-இல் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது. பெருங் கான்கிரீட் கட்டிகளைக் கடலில் அடுக்குவதற்கு 'டைட்டன்' என்னும் பாரந்தூக்கிகள் வந்தன. பணி முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அலைதாங்கிச் சுவர்களை அரை மைல் தொலைவுக்குச் சிதைத்தது. டைட்டன்களில் இரண்டையும் கவிழ்த்தது. எத்துணைப் பெரிய பொறியாயினும் காற்றையும் கடலையும் அறிந்தே நிற்றல் வேண்டும் என்பதை அந்நாள் உணர்த்திற்று. பின்னர்ச் சுவர்கள் மீண்டும் எழுந்தன. 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு நோக்கியிருந்த வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதுவாயில் அமைத்தார்.

பாரந்தூக்கியை இயக்குதல் நெம்புகோலை இழுப்பது மட்டும் அன்று. அதன் கை எவ்வளவு தூரம் நீள்கிறதோ, அவ்வளவுக்கு அது தூக்கவல்ல பாரம் குறையும். கீழிருந்து சைகை காட்டுபவர் ஒருவரே. அவர் சொற்படியே இயக்குநர் நடப்பார். ஆயின் 'நிறுத்து' என்னும் சைகையை யார் காட்டினும் அக்கணமே பணிதல் வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் கீழே நிற்பவர் உயிர் போகும். 1932-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய துறைமுகப் பாதுகாப்பு உடன்படிக்கை, தகுதியும் நம்பகமும் உடையவரே தூக்குபொறிகளை இயக்கவும் சைகை காட்டவும் வேண்டும் என விதித்தது இக்காரணம் பற்றியே.

அத்தகுதியை எவ்வாறு பெறுவது? இத்தொழிலில் நெடுங்காலம் இருந்த வழி கையாளாய்ச் சேர்வதே. எண்ணெயிட்டும் துடைத்தும் பார்த்தும் பழகி, ஒரு நாள் நெம்புகோலைப் பற்றுவது. கூர்ந்த கண்ணுடையவனுக்கு இது நல்ல பள்ளி. ஆயின் மேஸ்திரியின் தயவு இல்லாதவனுக்கு அப்பள்ளியின் கதவு திறப்பதில்லை. மேலும், காலையில் வாயிலிலே பொறுக்கியெடுத்து மாலையில் கூலி கொடுத்து அனுப்பிவிடும் ஆளுக்கு யார்தான் தொழில் கற்பிப்பார்?

இவ்விடத்தேதான் தொழிற்சங்கத்தின் பணி தொடங்குகிறது. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே பி. பி. வாடியா, திரு. வி. க. முதலியோர் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பிற்காலத்தில் வடசென்னைத் தொழிலாளர்க்கும் துறைமுகத் தொழிலாளர்க்கும் தலைமை தாங்கியவர்களுள் இலங்கையிற் பிறந்த எஸ். சி. சி. அந்தோணிப்பிள்ளை குறிப்பிடத்தக்கவர். நிலையான வேலை என்பதே துறைமுகச் சங்கங்களின் முதற் கோரிக்கைகளுள் ஒன்றாய் இருந்தது.

1948-இல் இயற்றப்பெற்ற துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் அக்கோரிக்கைக்கு வழி திறந்தது. தொழிலாளரைப் பதிவு செய்து முறைவைத்து வேலை அளிக்கவும், அவர்தம் பயிற்சிக்கும் நலனுக்கும் வேறு ஏற்பாடு போதாதவிடத்துத் திட்டம் வகுக்கவும் அச்சட்டம் இடந்தந்தது. கூலிக்காரர் எனப்பட்டவர்க்குப் பயிற்சியும் உரியது என்று சட்டம் ஒப்புக்கொண்டது சிறிய செய்தி அன்று. வேலை நிலைத்த பின்னரே கல்வி நிலைக்கும் என்னும் உண்மையும் இதனால் விளங்குகிறது.

1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. குறிப்பிட்ட தொழில்களில் நிறுவனங்கள் இளைஞரைச் சேர்த்து உதவித்தொகையுடன் பயிற்றுவிக்கலாயின. திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியில் தொழிற்சாலைகள் பெருகிவந்த காலம் அது. எனினும் அச்சட்டப்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்தபின் வேலை தந்தே ஆகவேண்டும் என்னும் பொதுக் கட்டாயமும் இல்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு 1896-இல் தோன்றிய பொறி இயக்குநர் சங்கம், கட்டட ஒப்பந்தக்காரரோடு சேர்ந்து கூட்டுக் குழுக்கள் அமைத்துப் பழகுநரைப் பயிற்றுகிறது. பழகுநர் வேலை செய்துகொண்டே கற்கிறார். தேர்ச்சிக்கேற்ப ஊதியமும் படிப்படியாய் உயர்கிறது. கற்பிக்கும் செலவை இருதரத்தாரும் தாங்குவதால், கற்றவனை இழக்க எவரும் விரும்புவதில்லை.

சென்னையில் 1983-இல் சரக்குப்பெட்டக முனையம் திறக்கப்பெற்றது. 2001-இல் எண்ணூரில் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கியது. ஒரு பாரந்தூக்கி இன்று செய்வது அன்று பலர் தோள்கொடுத்த வேலை. தோள்கள் குறையக் குறைய, எஞ்சிய கைகளின் பொறுப்பு மிகுகிறது.

மாணவ நண்பர்களே! இராயபுரத்தைக் கடந்து செல்லும்போது வானளாவ நிற்கும் அப்பொறிகளை நோக்குங்கள். உச்சியில் ஒரு சிறு கண்ணாடி அறை தெரியும். அங்கே இருப்பவர்க்கு இத்தொழிலைக் கற்பித்தவர் யார், அதன் செலவைத் தாங்கியவர் யார் என்று கேளுங்கள். அவ்வினாக்களின் விடையில் இத்துறைமுகத்தின் வரலாற்றில் பாதி அடங்கியிருக்கிறது.