பட்டமும் களிமண்ணும்

1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியானாலும் சரி, பம்பாயின் ஜே.ஜே. பள்ளியானாலும் சரி, அன்று படித்து வெளியே வந்தவர் கையில் டிப்ளமாதான் இருந்தது. வரைகிறவனுக்குக் கை பழகினால் போதும், படிப்பு வேறு ஆட்களுக்கு என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. கும்பகோணத்தில் சிற்பம் படித்துவிட்டு முதுகலைக்குப் பரோடா போன எனக்கு, அந்த எண்ணத்தை உடைத்த ஊர் என்பதாலேயே பரோடா மேல் தீராத பற்று.

1949-இல் அங்கே மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் உருவானது. துணைவேந்தர் ஹன்சா மேத்தா. மறு வருடமே, டிப்ளமாவுக்குப் பதில் பட்டம் தரும் நுண்கலைப் புலம் வந்துவிட்டது. மார்க்கண்ட் பட் முதல் டீன். ஓவியத்துக்கு பெந்த்ரே, சிற்பத்துக்கு சங்கோ சௌத்ரி. உளி பிடிக்கிறவனும் கலை வரலாறு படிக்க வேண்டும், தன் வேலையைப் பற்றி நாலு பேர் முன் பேச வேண்டும், எழுத வேண்டும். இதுதான் பெரிய மாற்றம்.

1951-இல் ஆசிரியராக வந்தவர் கே.ஜி. சுப்பிரமணியன். கூத்துப்பறம்பில் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும்போதே சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். அதனால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. 1944-இல் சாந்திநிகேதன் போய் நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் ஆகியோரிடம் கற்றார். எது உயர்ந்த கலை, எது கைத்தொழில் என்ற பிரிவினையை அவர் ஏற்கவே இல்லை. பொம்மை செய்தார், சுடுமண் ஓடுகளில் சுவர் நிறைய உருவங்கள் படைத்தார், தஞ்சாவூர்க்காரர்கள் செய்ததுபோல் கண்ணாடியின் பின்புறம் வரைந்தார். பரோடாவில் நடந்த நுண்கலைச் சந்தையில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பொம்மை செய்து விற்றார்கள். தச்சரும் குயவரும் குடியிருக்கும் தெருவில் வளர்ந்த எனக்கு, பல்கலைக்கழகம் ஒன்று அந்த வேலையைப் பாடமாக மதித்தது சாதாரண விஷயமாகப் படவில்லை.

இப்போதும் சின்னப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "அண்ணே, சிலை செய்ய எம்.ஏ. எதுக்கு?" நான் லக்ஷ்மா கௌடைச் சொல்வேன். தெலங்கானாவின் நிஜாம்பூர்க்காரர். ஹைதராபாத்தில் டிப்ளமா முடித்து, 1963-இல் பரோடா வந்தார். சுப்பிரமணியனிடம் சுவரோவியம் கற்றார், அச்சுக்கலையில் இறங்கினார். திரும்பிப் போய் அவர் செதுக்கியதெல்லாம் தன் கிராமத்து ஆண்களையும் பெண்களையும் ஆடுகளையும்தான். பிற்பாடு ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அவரே நுண்கலை ஆசிரியரானார்.