ஆற்றுக்கு இக்கரையில் பட்டியல் சாதி, அக்கரையில் பழங்குடி

தோழர்களே, திருப்பூர் என்றதும் பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, நொய்யல் என்றுதான் பேசுகிறோம். இதே மாவட்டத்தின் தெற்கில் ஆனைமலைக் காடு இருக்கிறது. உடுமலை, அமராவதி வனச்சரகங்களின் குழிப்பட்டி, குருமலை, தளிஞ்சி, மஞ்சம்பட்டி போன்ற மலைக்கிராமங்களில் முதுவர், மலை மலசர், புலையர் வாழ்கிறார்கள். இங்கே மலைப் புலையர் கதையை மட்டும் பார்ப்போம். வெள்ளைக்காரன் போட்ட கோடு இன்னும் எப்படி அழியாமல் கிடக்கிறது என்று அது காட்டும்.

காலனி ஆட்சிக்கு முன் காட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கே விதைப்பது, எந்த நிலத்தை ஆறப் போடுவது என்பதை மலைமக்களே முடிவு செய்தார்கள். ராகியும் சாமையும் விதைத்து, சில ஆண்டு கழித்து அந்த இடத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

கம்பெனிக்குக் கப்பல் கட்டத் தேக்கு வேண்டியிருந்தது. பிறகு தண்டவாளத்துக்கு அடியில் போடக் கட்டை வேண்டியிருந்தது. 1860களின் தொடக்கத்தில் நம் திருப்பூர் வழியாக ஓடத் தொடங்கிய ரயிலும் அந்தப் பசியில் சேர்த்திதான். 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரான கிளெக்ஹார்ன், காட்டை எரித்து விதைக்கும் முறையை மரத்துக்கு எதிரியாகவே பார்த்தார். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு 'காப்புக்காடு' ஆனது. அதற்குள் அனுமதியின்றி உழுவதும், தீ மூட்டுவதும், வேட்டையாடுவதும் குற்றமாயின. பாட்டன் செய்த வேலையைச் செய்த பேரன் குற்றவாளி ஆனான்.

பண்பாடு மாறியது இப்படித்தான். இடம் மாறி மாறி விதைத்தவர்களின் விழாவும் சடங்கும், ஒரே இடத்தில் கட்டிப்போட்ட பிறகு எப்படி அப்படியே இருக்கும்? அவர்கள் ஊரை வனத்துறை இன்றும் 'செட்டில்மென்ட்' என்றே சொல்கிறது. அந்தச் சொல்லே வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

அடுத்து வந்தது கணக்கெடுப்பு. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ஒவ்வொரு மக்களும் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும் என்ற பழக்கம் அரசுக்கு வந்தது. ஆட்சி மாறியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இன்று தமிழ்நாட்டில் புலையர் பட்டியல் சாதி. சின்னாற்றுக்கு அக்கரையில், கேரளத்தில், மலைப் புலையர் பட்டியல் பழங்குடி. ஒரே மலை, ஒரே மக்கள். நடுவே ஒரு ஆறும் இரண்டு பட்டியலும்.

இதனால் என்ன நட்டம்? 2006 வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினர் 13.12.2005-க்கு முன்பிருந்து அந்த நிலத்தில் இருப்பதைக் காட்டினால் போதும். மற்ற வனவாசிகள் அதற்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததை நிறுவ வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1930. பட்டா கொடுக்காமல் ஆக்கிரமிப்பாளன் என்று விரட்டிய அரசின் காலத்துக்கே போய் ஆதாரம் கொண்டுவா என்கிறார்கள்.

பட்டியல் சாதி என்பது தாழ்ந்த இடம், பழங்குடி என்பது உயர்ந்த இடம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் மலைப் புலையரின் கோரிக்கை நம் பங்கைப் பிடுங்குவதும் அல்ல. அது நிலத்துக்கான கோரிக்கை. சேரியில் நம்மை அடைத்த கோடும் காட்டில் அவர்களை அடைத்த கோடும் ஒரே அலுவலக மேசையில் பதிவானவை.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வன உரிமை விதிகள் காகிதத்தை மட்டும் கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர்களின் எழுத்துமூலமான வாக்குமூலமும், பழைய கிணறும், இடுகாடும், கும்பிடும் இடமும்கூடச் சான்றுதான். அந்தப் பாட்டிகளும் தாத்தாக்களும் இருக்கும்போதே மலையேறுங்கள். கேளுங்கள். எழுதுங்கள்.

ஜெய் பீம்.