பவுணின் வரலாறும் நம் வீட்டுத் தங்கமும்



எம்பிலிப்பிட்டியவில் ஒரு வீட்டில் நிக்காஹ் பேச்சு எழுந்தால், "எத்தனை பவுண்?" என்ற கேள்வியும் கூடவே எழுகின்றது. மணமகன் மனமுவந்து கொடுக்கும் மஹராயினும், மார்க்கம் கேளாத சீதனமாயினும் அளவு பவுண்தான். நகைக் கடையில் ஒரு பவுண் என்றால் 8 கிராம். இந்த எட்டுக் கிராம் எங்கிருந்து வந்தது?

1817ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அரச நாணயசாலை 'சவரின்' எனும் பொற்காசை வெளியிட்டது. அதன் எடை 7.98 கிராம், தரம் 22 கரட். பெறுமதி ஒரு பவுண். காசு புழக்கத்திலிருந்து மறைந்த பின்னரும் அதன் எடை நம் தராசில் தங்கிவிட்டது. 'பவுண்' என்பதும் ஆதியில் ஒரு நிறையின் பெயரே. ஓர் இறாத்தல் வெள்ளியில் 240 பென்னிகள் அடித்த காலத்துப் பெயர் அது. ('இறாத்தல்' என்ற நம் சொல்லும் 'ரத்ல்' எனும் அரபுச் சொல்லின் மருவல்தான்.)

இங்கிலாந்தின் பழைய பொற்காசுகளுள் ஒன்று நம்மை வியக்கச் செய்வது. மெர்சியா நாட்டின் கிறிஸ்தவ மன்னர் ஒஃபா, கி.பி. 757 முதல் 796 வரை ஆண்டவர். அவர் பெயரிலான அப்பொற்காசில் கலிமாவின் வாசகம் அரபியில் காணப்படுகின்றது! அப்பாஸிய கலீபா அல்மன்ஸூரின் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டுத் தீனாரைப் பார்த்து வெட்டிய அச்சு அது. வெட்டியவருக்கு அரபு தெரியாது. மன்னரின் பெயர் நேராக இருக்க, அரபு வரிகள் தலைகீழாக நிற்கின்றன. இக்காசு இன்று லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

அந்நியர் பார்த்துச் செய்யும் அளவுக்குத் தீனாருக்கு மதிப்பு எப்படி வந்தது? கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் உருவங்களை நீக்கி, திருவசனங்கள் பொறித்த தீனாரை வெளியிட்டார். எடை 4.25 கிராம், ஏறத்தாழத் தூய தங்கம். அந்த எடையையும் தூய்மையையும் நம்பியே வணிகர் அதனைத் தூர தேசங்களிலும் வாங்கினர்.

இங்கிலாந்து அந்த நம்பிக்கையை ஒரு முறை இழந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் 1544 முதல் வெள்ளிக் காசில் செம்பை மிகுதியாகக் கலந்தார். மேற்பூச்சு தேய்ந்ததும் காசிலிருந்த மன்னரின் மூக்கு செந்நிறமானது. மக்கள் அவரைச் 'செம்பு மூக்கர்' என்று எள்ளினர். நல்ல வெள்ளியை வீட்டில் ஒளித்து, கெட்டதையே சந்தையில் கொடுத்தனர், விலைவாசி ஏறியது. முதலாம் எலிசபெத் அரசி 1560–61இல் அக்காசுகளை மீளப் பெற்றார்.

பின்னர் வந்த கேடு, குடிமக்களே காசின் ஓரத்தைக் கத்தரித்து வெள்ளியைத் திருடியது. சம்மட்டியால் அடித்த காசின் விளிம்பு ஒழுங்கற்றது. சிறிது குறைந்தாலும் எவர் கண்டார்? 1662 முதல் இயந்திரத்தால் விளிம்பில் வரியும் எழுத்தும் இட்டனர். 1696இல் பழைய காசுகளைத் திரட்டி உருக்கிப் புதிதாக அடித்தனர். அவ்வாண்டே நாணயசாலைக்கு வந்த அறிஞர் ஐசாக் நியூட்டன் கள்ளக் காசாளரைத் துருவித் துருவிப் பிடித்தார். நிறுவையில் குறைப்போரைக் கண்டிக்கும் தனி அத்தியாயம் அல்குர்ஆனில் (83) இருப்பதை அறிந்த நமக்கு இக்குற்றம் புதிதன்று.

இனி நம் பெட்டகத்துத் தங்கத்துக்கு வருவோம். ஸகாத்தின் அளவு 20 தீனார். அதாவது 85 கிராம் தூய தங்கம். பத்தரைப் பவுணுக்குச் சற்று அதிகம் எனப் பலர் கணக்கிடுவர். ஆனால் சவரினைப் போலவே 22 கரட் நகையிலும் 12 பங்கில் 11 பங்கே தங்கம். எனவே அத்தகைய நகையில் அளவு ஏறத்தாழப் பதினொன்றரைப் பவுணாகும். அணியும் நகைக்கு ஹனஃபி மத்ஹபில் ஸகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் வழமையான அளவு அணிவதற்கு இல்லை, சேமிப்பாக வைத்திருப்பதற்கு உண்டு. பெற்றோரே, நகையை நிறுத்து, கரட்டையும் கேட்டு எழுதிக்கொண்டு உங்கள் ஊர் ஆலிமிடம் செல்லுங்கள்.