அம்மாவின் பாட்டு

சென்ற வாரம் சிகாகோவின் இசைத்தட்டு நிறுவனமான செஸ் ரெக்கார்ட்ஸில் பாடகி எட்டா ஜேம்ஸ் கொடிகட்டிப் பறந்த 1960களைப் பார்த்தோம். அங்கிருந்து நேராக 1994க்கு வருகிறேன். இடையில் ஹெராயின் தின்ற ஆண்டுகள் உண்டு. அவற்றை வைத்தே அவரை எடைபோடும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை.

1994ல் வெளிவந்தது அவருடைய ‘மிஸ்டரி லேடி’ ஆல்பம். பில்லி ஹாலிடே பாடிப் புகழ்பெற்ற ஜாஸ் பாடல்கள் 11. புளூஸும் சோலும் பாடி வந்த எட்டாவுக்கு அப்போது வயது 56.

பில்லி என்றால் எட்டாவின் அம்மா டோரதிக்கு உயிர். டோரதிக்கு 14 வயதில் பிறந்தவர் எட்டா. குழந்தை லாஸ் ஏஞ்சலிஸில் பிறர் கையில் வளர்ந்தது. அம்மா எப்போதாவது வருவார், போவார். தன் தாயையே ‘மர்மப் பெண்’ என்றுதான் சொல்வார் எட்டா. ஆல்பத்தின் தலைப்பும் அதேதான். அட்டையில் பில்லியின் பெயர் இருந்தாலும், எனக்கு அது டோரதிக்கும் சேர்த்து வைத்த பெயராகவே படுகிறது.

ஆனால் மகள் கற்ற பாட்டு வேறு. 5 வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தார். குரல் அடிவயிற்றிலிருந்து வரவேண்டும் என்று, பாடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் குத்துவாராம் குழுவை நடத்திய ஜேம்ஸ் ஏர்ல் ஹைன்ஸ். சின்னஞ்சிறு பிள்ளையை! 1967ல் அலபாமாவின் மசல் ஷோல்ஸில் ‘ஐட் ராதர் கோ பிளைண்ட்’ பாடியது அப்படிப் பழகிய குரல்தான். பில்லியின் வழி இதற்கு நேர் எதிர். சின்னக் குரல்; தாளத்தை முன்னே போகவிட்டு, சற்றுத் தாமதித்துச் சொல்லை இறக்கும் நிதானம்.

அந்த நிதானத்தை எட்டா நகல் எடுக்கவில்லை. இந்த ஆல்பத்தின் பெருமையே அதில்தான் இருக்கிறது. ‘யூவ் சேஞ்ஜ்டு’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1958ல் ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்துக்காக பில்லி அதைப் பாடியபோது பின்னால் வயலின்கள் நிறைந்திருந்தன. குரலோ தேய்ந்து போயிருந்தது. அடுத்த ஆண்டே 44 வயதில் அவர் மறைந்தார். எட்டாவுக்கு வயலின்கள் இல்லை. பியானோ கலைஞர் சீடர் வால்டன் இசையமைப்பை வகுத்துத் தந்தார். ரெட் ஹாலோவே சாக்ஸபோன் வாசித்தார். எவ்வளவு பெரிய குரல் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தும் அதில் பாதியைக்கூட எட்டா வெளியே விடுவதில்லை. பில்லியிடம் கேட்டது உடைந்துபோன ஒரு பெண்ணின் துயரம். இங்கே கேட்பது அதே துயரத்தைத் தாண்டி உயிரோடு வந்தவரின் குரல்.

பில்லியின் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ இதில் இல்லை. கறுப்பின மக்களை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைச் சொன்ன பாட்டு அது. காதல் பாடல்களோடு நின்றுகொண்டது சரியென்றே நினைக்கிறேன்.

1955ல் முதல் வெற்றிப் பாடலைத் தந்தவருக்கு முதல் கிராமி விருது 1995ல்தான் வந்தது. அதுவும் இந்த ஆல்பத்துக்காக, ஜாஸ் பாடகர் பிரிவில்! அதன்பிறகும் ஜாஸை அவர் விடவில்லை. 2001ல் வந்த ‘ப்ளூ கார்டேனியா’ ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் டோரதியின் குரலும் இருக்கிறது.

(தொடரும்)