முற்றத்தை மூடலாமா? வளைகுடா வீடுகள் நமக்குச் சொல்லும் பாடம்

துபாயிலும் அபுதாபியிலும் நம்மவர்கள் உழைத்து அனுப்பும் பணத்தில் காரைக்காலில் பல புது வீடுகள் எழும்புகின்றன. அதற்காகப் பழைய முற்றத்து வீடுகள் இடிக்கப்படுகின்றன. ஆனால் அந்த நாட்டு மக்கள் தங்கள் பழைய வீடுகளில் எதைக் காப்பாற்றினார்கள் என்று நாம் கவனித்தோமா?

துபாய் க்ரீக் ஓரத்தில் உள்ள அல் ஃபாஹிதி பகுதியில் 'பர்ஜீல்' எனும் காற்றுக் கோபுரம் வைத்த வீடுகளை இன்றும் காணலாம். உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்குவது அதன் வேலை. பவளக்கல் சுவர், நடுவே முற்றம், விருந்தினருக்கு மஜ்லிஸ், வீடுகளுக்கிடையே நிழல் தரும் குறுஞ்சந்து. 1980களில் இப்பகுதியின் ஒரு பாதி இடிக்கப்பட்டது. எஞ்சியதைப் பின்னர் புதுப்பித்துக் காத்தார்கள். அபுதாபியில் 2008இல் கட்டத் தொடங்கிய மஸ்தார் நகரிலும் குறுகலான நிழல் தெருக்களும் காற்றுக் கோபுரமும் உண்டு.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. நம் திண்ணைதான் அவர்களின் மஜ்லிஸ். பெண்கள் வெளிப்பார்வை படாமல் வெளிச்சமும் காற்றும் பெற முற்றம் இருந்தது. காயல்பட்டினத்தில் பெண்கள் நடமாடத் தனிச் சந்துகளே உண்டு. 'காரை' என்றால் சுண்ணாம்புக் கலவை. நம் ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்தது என்போரும் உண்டு.

ஆனாலும் பர்ஜீலை அப்படியே இங்கு வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே இறங்கிவிடும். நமக்கேற்றவை இவை:

• பழைய சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பழுது பாருங்கள். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவர் உதிரும்.
• புது வீட்டில் சிறிய முற்றமாவது விடுங்கள். கொசுவலையும் கம்பியும் போட்டால் பயமில்லை. மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்பலாம்.
• சன்னல்களை எதிரெதிரே வையுங்கள். மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள்.
• உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்தால் கான்கிரீட் பிளக்கும். கம்பிக்கு வெளியே போதிய கனம் இருக்கிறதா என்று பாருங்கள்.
• திண்ணையை விட்டுவிடாதீர்கள். அண்டை வீட்டாரோடு பேச்சு அங்கேதான் நடக்கிறது.

புதுச்சேரி வைசியாள் வீதியில் திண்ணையும் தூண் தாழ்வாரமும் மீட்கப்பட்டு, 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. நம் தெருக்களிலும் இது முடியும்.

வீட்டை இடிக்க ஆள் பேசுமுன், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை அழைத்துக் காட்டுங்கள். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். இடித்த பின் முற்றத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.